முப்பத்தொன்றாம் பெட்டி

டவாலி இன்னும் வெளியே வரவில்லை. வந்தால் வாசலில் நின்று மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவான். சம்பிரதாயம்தான் மேடம், ஆளு வரமாட்டாருன்னு கோர்ட்டுக்கும் தெரியும் நமக்கும் தெரியும், ஆனா கூப்பிடணும்லா, என்று வக்கீல் சுயம்புலிங்கம் காலையிலேயே சொல்லிவிட்டார். முதல் பிரதிவாதி தஸ்நேவிஸ் கொரைரா. வாதி அவன் மனைவி மெற்றில்டா. இரண்டாம் சாட்சி அவன் அக்கா ஜெசிந்தா, வயது நாற்பத்தெட்டு, தூத்துக்குடி கோர்ட் வராந்தாவில் கால் ஆடுகிற பெஞ்சின் ஓரத்தில் மடியில் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருக்கிறவள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்பார்க் பிளக் வாங்கிட்டு வாறேன் என்று வீட்டை விட்டுப் போனவன் இறந்துவிட்டதாக இந்த நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். வழக்கு அவ்வளவுதான். நாற்பது பக்க மனுவில் அந்த ஸ்பார்க் பிளக்கும் இருக்கிறது, பத்தி மூன்றில், யாரோ தட்டச்சுக்காரர் அதற்கு இரட்டை மேற்கோள் போட்டு ஒரு மரியாதை கொடுத்திருக்கிறார். பெஞ்சில் பக்கத்தில் இருந்த கிழவர் பீடி நாற்றத்தோடு நகர்ந்து உட்கார, பெஞ்சு அவள் பக்கமாக ஒரு தடவை சாய்ந்து திரும்பி நிமிர்ந்தது. மடியில் இருந்த தாள்களை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தாள்கள் ஓர் அகராதியின், திருத்தி அனுப்ப வேண்டிய அச்சுப் படிகள். எட்ருஸ்கன் மொழி அகராதி. ரோமாபுரி தலையெடுப்பதற்கு முன்னால் இத்தாலியில் வாழ்ந்த ஒரு ஜனத்தின் மொழி, இரண்டாயிரம் வருஷமாகப் பேச ஆளில்லை. எழுத்து எல்லாம் தெரியும், வலமிருந்து இடமாக ஒரு கல் முழுக்க வாய்விட்டுப் படித்துவிடலாம், படித்து முடித்தபின் என்ன படித்தாய் என்று கேட்டால் பாதிக்கு மேல் தெரியாது. கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் கல்லறையில் கிடைத்தது. அதனால் உறுதியாகத் தெரிந்த சில நூறு சொற்களில் மகன் இருக்கிறது, மகள் இருக்கிறது, மனைவி, வருஷம், வயது, இறந்தான் எல்லாம் இருக்கிறது, பசிக்கிறது என்பதற்கோ தலை வலிக்கிறது என்பதற்கோ ஒருத்தரும் கல் வெட்டி வைக்கவில்லை. சகோதரனுக்கு ஒரு சொல் இருக்கிறது, ருவா. சகோதரிக்கு என்ன சொல் என்று இன்றுவரை நிச்சயமில்லை. இத்தாலியில் பெருஜியா ஊரில் பத்தொன்பது வருஷம் அவள் சீட்டு எழுதினாள். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு: சொல், எந்தக் கல், எங்கே கிடைத்தது, எந்த வரி, யார் பார்த்தது, என்றைக்கு, எத்தனை மணிக்கு. மணி எதற்கு என்று சேர்ந்த புதிதில் கேட்டதற்கு, காலை வெளிச்சத்தில் தெரிகிற கீறல் சாயங்கால வெளிச்சத்தில் தெரியாது என்றார்கள். அர்த்தம் சந்தேகமாக இருந்தால் முன்னால் ஒரு கேள்விக்குறி. ஒரே ஒரு கல்லில் ஒரே ஒரு தடவை மட்டும் வந்த சொல்லாக இருந்தால் பக்கத்தில் சின்னதாக ஒரு குருசு, சிலுவைக்குறி. அப்படிப்பட்ட சொல்லை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. இன்னொரு கல்லில் அதே சொல் கிடைத்தால் குருசை எடுத்துவிடலாம். ஊருக்குத் திரும்பி ஒன்றரை வருஷமாகிவிட்டது, ஆனால் படிகள் விடாமல் துரத்தி வருகின்றன. நேற்று பதிப்பாசிரியை மார்த்தாவிடமிருந்து ஒரு வரி: ஜெசிந்தா, தயவுசெய்து கேள்விக்குறிகளைக் குறை, வாங்குகிறவன் பதிலுக்குத்தான் அகராதி வாங்குகிறான். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ல வரிசை இன்று முடிய வேண்டும். லுபு, லுபுகே. இறந்தான். இந்த ஒரு சொல்லுக்குக் கேள்விக்குறி கிடையாது, எந்த அகராதியிலும் கிடையாது. முந்நூறு கல் சாட்சி சொன்னால் எந்தச் சொல்லும் உறுதியாகிவிடும்.

"மேடம், நீங்க எழுதுதது அந்த இட்டாலி பாஷைதானே?" வக்கீல் கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் தொங்கவிட்டபடி வந்து நின்றார். கக்கத்தில் வியர்வை வட்டம். "அதுவும் நம்ம தமிழ்தாமே. யூட்யூப்ல ஒருத்தர் அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு நிரூபிச்சிட்டாரு. நீங்க ஏன் அதச் சொல்ல மாட்டேங்கீங்க? வெள்ளக்காரன் விடமாட்டானோ?" தமிழ் இல்லை சார் என்றாள். "நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க வாக்குமூலத்துல பத்தி ஆறு மட்டும் ஒருக்கா பாத்துக்கிடுங்க. அதுதான் கேஸு. மத்ததெல்லாம் சும்மா ஜோடனை," என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போனார். பத்தி ஆறு. காணாமற்போன நாள் முதல் இன்று வரை ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக மேற்படி நபரைப் பற்றிய எந்தத் தகவலும் எந்த வகையிலும், அவர் உயிரோடிருந்தால் இயல்பாகக் கேள்விப்பட்டிருக்கக்கூடிய எனக்குக் கிடைக்கவில்லை. நல்ல வாக்கியம், வக்கீல் ஓட்டை இல்லாமல் அடைத்திருக்கிறார். இயல்பாகக் கேள்விப்பட்டிருக்கக்கூடிய. நான்தான் அது. அவன் உயிரோடிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாததால் அவன் உயிரோடில்லை. என் காதில்தான் அவன் உயிர் தொங்குகிறது என்று சட்டமே சொல்கிறது. எந்த வகையிலும் என்பதுதான் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. பதினோரு வினாடி எந்த வகை? பேச்சில்லாத பதினோரு வினாடி தகவலா? இருமினால் தகவலா? மூச்சு தகவலா?

மூன்று வருஷத்துக்கு முன்னால். ஆகஸ்ட் வெயில், பெருஜியாவில் பாதிக் கடை அடைப்பு, நூலகத்தில் அவளும் மின்விசிறியும்தான். ஒரு கிண்ணத்தின் சீட்டை எழுதிக்கொண்டிருந்தாள். அந்த ஜனத்துக்கு ஒரு பழக்கம், கிண்ணத்திலும் கூஜாவிலும் அதுவே பேசுகிற மாதிரி எழுதி வைப்பார்கள், நான் இன்னாருடைய கிண்ணம் என்று. மி என்றால் நான். களிமண் நான் என்று சொல்கிறது, சொல்லிக்கொண்டே இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் மண்ணுக்குள் கிடக்கிறது. அந்த மி-யின் மேல்கோடு கீறலா எழுத்தா என்று பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அதிர்ந்தது. தெரியாத எண், தொண்ணூற்றொன்றில் தொடங்குவது, இந்தியா. எடுத்தாள். சொல்லுங்க என்றாள். எதுவும் இல்லை. ஹலோ என்றாள். மூச்சு ஒன்று இருந்தது, இல்லை, இரைச்சல்தானோ. பின்னால் தூரத்தில் இரும்பில் எதையோ தட்டுகிற சத்தம், டிங், டிங், கொஞ்சம் விட்டு டிங். அது அவள் கையிலிருந்த பேனா மேசை விளக்கின் தண்டில் பட்ட சத்தமாகவும் இருக்கலாம், அவளுக்கு யோசிக்கும்போது பேனாவால் தட்டுகிற பழக்கம் உண்டு. கண் கிண்ணத்தின் படத்தில் இருந்தது. கீறல் இல்லை, எழுத்துதான், என்று தெரிந்த அந்தக் கணத்தில் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தில் கட்டைவிரல் போய்ச் சிவப்பை அழுத்திவிட்டது. பதினோரு வினாடி என்று திரை சொன்னது. வெறும் பதினோரு வினாடி. சிந்திய பாலைத் துடைக்கக்கூட அதைவிட நேரமாகும்.

வேறு எவளாக இருந்தாலும் திருப்பிக் கூப்பிட்டிருப்பாள். அண்ணன் தம்பியைத் தொலைத்த எவளும் அந்த எண்ணை அழுத்தியிருப்பாள், தவறான அழைப்பாக இருந்தாலும் திட்டு வாங்கிக்கொண்டு வைத்திருப்பாள். ஜெசிந்தா ஒரு சீட்டை எடுத்தாள். சொல் வருகிற இடத்தில் சதுர அடைப்புப் போட்டு உள்ளே பதினோரு புள்ளி வைத்தாள், கல்லில் உடைந்துபோன ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு புள்ளி வைப்பதுதான் அங்கே வழக்கம். கிடைத்த இடம் என்பதற்கு நேரே அந்த எண். பார்த்தவர் ஜெ.கொ. ஐந்து ஆகஸ்ட், பிற்பகல் மூன்று பத்து. இரும்புச் சத்தம், முன்னால் கேள்விக்குறி. மூலையில் சின்னக் குருசு. நேரே போய் முப்பத்தொன்றாம் பெட்டியில் போட்டாள். முப்பது பெட்டியும் எழுத்து வரிசை, முப்பத்தொன்று எந்த வரிசையிலும் சேராதவை, இடம் தெரியாதவை. போட்டதும் மனசு லேசாகிவிட்டது. அதுதான் இந்தத் தொழிலின் சாபம், எழுதிப் பெட்டியில் போட்டதைச் செய்து முடித்ததாக மனசு எடுத்துக்கொள்ளும். கிண்ணத்துக்குத் திரும்பிவிட்டாள். நாலாவது நாள் மாதக் கணக்குக்காகப் பெட்டியைப் புரட்டும்போது அந்தச் சீட்டு கையில் வந்தது, தன் கையெழுத்திலேயே தேதியைப் படித்தாள், ஐந்து ஆகஸ்ட், பனிமய மாதா திருவிழா, தூத்துக்குடியே தேரடியில் நிற்கிற நாள், அந்த மாதாவின் பேரைத்தானே அவனுக்கு வைத்தது, தஸ்நேவிஸ், பனிமயம் என்பதன் போர்த்துக்கீசு, அவனுடைய நாம விழா. எழுதும்போது அது வெறும் தேதியாக இருந்தது. அன்றைக்குத்தான் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மறுநாளும், மறுவாரமும். பிறகு ஒரு நாள் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றாள் அந்தப் பெண், எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கனிவாகப் பேசுகிறவள்.

யாரிடமும் சொல்லவில்லை. மெற்றில்டாவிடம் சொல்ல வாயெடுத்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரியும்: நீங்க என்ன செஞ்சீங்க மைனி? கட் பண்ணிட்டு ஒரு சீட்டு எழுதுனேன். போலீசில் கொடுத்திருந்தால் எண்ணை வைத்து எந்த ஊர் என்றாவது தேடியிருப்பார்கள், கொடுக்கவில்லை, முதல் வாரம் வெட்கத்தால், இரண்டாவது வாரம் முதல் வாரம் கொடுக்கவில்லையே என்ற பயத்தால், அப்படியே மூன்று வருஷம். அதிலிருந்து எந்தத் தெரியாத எண் வந்தாலும் முதல் அதிர்விலேயே எடுக்கிறாள், வைப்பதே இல்லை. ஓட்டப்பிடாரம் பக்கம் வீட்டுமனை பாக்கணுமா மேடம் என்று கேட்கிற பெண் பிள்ளைகள் மூச்சு வாங்கிக் களைத்து அவர்களே வைக்கும்வரை காதில் வைத்திருக்கிறாள். ஒருத்தி, மேடம் நீங்க ரொம்ப நல்லவங்க என்று அழுதேவிட்டாள். நல்லவள். மடத்தில் கன்னியாஸ்திரியாகச் சேர பத்தொன்பது வயதில் விமானம் ஏறியபோதும் ஊர் அப்படித்தான் சொன்னது. ஏழு வருஷத்தில் மடத்தை விட்டு வெளியே வந்து பழைய மொழி படிக்கப் போனதும் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அம்மா செத்ததற்கு வந்தபோது கல்லறைத் தோட்டத்தில் ஒரு கிழவி, இவளா, ஓடிப்போனவளாச்சே என்று காதுபடச் சொன்னாள். ஓடிப்போனவ இல்ல பாட்டி, கூப்பிட்டா வருவா, என்றான் தம்பி நேவிஸ் பக்கத்தில் நின்று. கூப்பிட்டா வருவா. அவன் சொன்ன அந்தப் பேச்சு இந்த வெயிலில் இப்போது ஏன் வருகிறது, அதுவும் கல்லறை மண் வாசத்தோடு.

அவன் கூப்பிட்டால் பேர் சொல்லமாட்டான். நான்தாம்க்கா என்பான். இத்தாலிக்குக் கூப்பிட்டாலும் தெருமுனையிலிருந்து கூப்பிட்டாலும் நான்தாம்க்கா. எவம்ல நான், பேரு கிடையாதா, என்று இவள் சீண்டினால், உனக்கு எத்தன தம்பி இருக்கான், என்பான். மீன்பிடி போட்டு எஞ்சின் பழுது பார்க்கிறவன். கழற்றிய எஞ்சினைச் சட்டத்தில் மாட்டி ஸ்பானரால் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு தட்டுவான், வைத்தியர் நெஞ்சில் தட்டிப் பார்க்கிற மாதிரி. டிங், டிங், டிங். அது வேண்டாம். அந்தத் தட்டைப் போனில் கேட்ட சத்தத்தோடு சேர்க்கக் கூடாது. தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் படிப்பதுதான் கற்றுக்குட்டியின் முதல் தப்பு, தனக்கு வேண்டிய எழுத்தைக் கல்லில் பார்க்கிறது கண். கடைசி இரண்டு வருஷம் அவன் தட்டவேயில்லை. எஞ்சின்கள் வந்து வரிசையாகக் கிடந்தன, அவன் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். டாக்டர் மாத்திரை கொடுத்தார், அதைச் சாப்பிட்டால் வாய் குழறுகிறது என்று துப்பினான். அவளிடம் போனில், அக்கா, சொல்லு ஒண்ணும் வரமாட்டேங்கு, தொண்டைக்குள்ள பொட்டி மாதிரி மூடிக் கிடக்கு, என்றான். அவள் என்ன சொன்னாள்? ஓய்வெடுல, கிறிஸ்துமஸுக்கு வாறேன், என்றாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் இல்லை. வெள்ளிக்கிழமை போனான், பதினோராம் நாள் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் அவன் பைக் நின்றதைக் கண்டார்கள், பூட்டி, ஹெல்மெட் ஒழுங்காக மாட்டி. கடலுக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போகிறவன் எங்கேயோ போகிறான். இதுவும் மனுவில் இருக்கிறது, பத்தி நாலு, ஆனால் தண்டவாளம் எந்தப் பக்கமும் போகும் என்பதால் அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"மைனி, தண்ணி குடிங்க." மெற்றில்டா பாட்டிலை நீட்டினாள். முப்பத்தொன்பது வயது, இன்றைக்கென்று சாம்பல் நிறச் சேலை, அதுவும் வக்கீல் சொன்னதுதான், ரொம்பப் பளிச்னு வேண்டாம். தாலிச் செயின் கழுத்தில் இருக்கிறது, சேலைக்குள் போட்டிருக்கிறாள். ரோட்டுக்கு அப்பால் புங்கமரத்தடியில் பைக்கில் சாய்ந்து ஓர் ஆள் நிற்கிறான், சைமன், ஐஸ் கம்பெனியில் போர்மேன், பெண்டாட்டி செத்தவன். நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், உள்ளே வரமாட்டான், மரியாதை தெரிந்தவன். கோவிலில் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் பிஷப் இருக்கிற ஆயர் இல்லம் கோர்ட்டு தாளைக் கேட்கிறது. கோர்ட்டு ரத்த சொந்தத்தின் சாட்சியைக் கேட்கிறது. ரத்த சொந்தம் என்று இருப்பது இந்தப் பெஞ்சில் ஆடிக்கொண்டிருக்கிறது. "பயமா இருக்கா மைனி?" இல்ல மெற்றி. "எனக்கு இருக்கு. பேங்க் பாரம்ல, ரேசன் கார்டுல, ஆஸ்பத்திரில எல்லாத்துலயும் புருசன் பேருன்னு ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கான். எழுதுறேன். கையெழுத்துப் போடச் சொல்லு, கூட்டிட்டு வான்னு சொல்லுதான். எங்க போய்க் கூட்டிட்டு வர?" சிரித்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இவள் இப்படிச் சிரித்ததை ஜெசிந்தா போனில் கேட்டிருக்கிறாள், அந்த ஆகஸ்ட் கழிந்த செப்டம்பரில், என்ன மெற்றி விசேஷம் என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல மைனி, மாதா தேருக்குப் போனேன், என்றாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இப்போதும் சொல்லலாம். கைப்பையில் அந்தச் சீட்டு இருக்கிறது, மூலப் பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள் அந்த ஒன்றை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், நூலகத்துக்குச் சொந்தமான சீட்டு, ஒரு விதத்தில் திருட்டு. எடுத்துக் காட்டினால் வழக்கு இன்றோடு முடிந்தது, ஏழு வருஷம் அந்த ஆகஸ்டிலிருந்து புதிதாக எண்ணவேண்டும், இன்னும் நாலு வருஷம் கட்டத்தில் பேரெழுத வேண்டும், சைமன் புங்கமரத்தடியில் நரைக்க வேண்டும். காட்டாவிட்டால் லுபுகே. கேள்விக்குறி இல்லாமல்.

டவாலி வந்தான். வெள்ளைச் சட்டையின் குறுக்கே சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை, வாயில் வெற்றிலை. துப்பிவிட்டு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு, "தஸ்நேவிஸு!" என்றான். இவ்வளவு சத்தமாக அவன் பேரை யாரும் கூப்பிட்டதில்லை. அம்மாகூட. வராந்தாவில் எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள், யார் எழுந்திருக்கிறார்கள் என்று. ஜெசிந்தாவும் திரும்பிப் பார்த்தாள். கேட்டுப் பக்கம், சைக்கிள் நிற்கிற பக்கம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம். உடம்பு தானாகப் பார்க்கிறது. ஒருவேளை, எவ்வளவோ பேப்பரில் விளம்பரம் போட்டார்கள், எங்கேயாவது டீக்கடையில் வடை மடித்த தாளில் படித்திருந்தால். "தஸ்நேவிஸு!" இரண்டு. சைமனும் பைக்கை விட்டு நிமிர்ந்து நின்றுவிட்டான். காக்கா ஒன்று வராந்தாக் கம்பியில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்தது. வால, என்று அவளுக்குள் ஒன்று கெஞ்சியது, வராதல, என்று அதே மூச்சில் இன்னொன்று கெஞ்சியது, எது எந்தக் குரல் என்று பிரிக்க முடியவில்லை. மெற்றில்டாவின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது, வியர்த்து, இறுக்கமாக. "தஸ்நேவிஸ் கொரைரா!" மூன்றாவதற்கு முழுப் பேர். கிழவர் பீடியை அணைத்தார். டவாலி இரண்டு நொடி நின்றான், உள்ளே திரும்பி, ஆஜர் இல்லை, என்றான், சாதாரணமாக, சோறு இல்லை என்று சொல்கிற மாதிரி.

உள்ளே விசிறி மட்டும் ஓடியது. மெற்றில்டா முதலில் ஏறி இறங்கினாள், நாலு நிமிஷம். பிறகு இவள். கூண்டின் கட்டையில் எத்தனையோ உள்ளங்கை பட்டு வழவழப்பாகியிருந்தது. கடவுள் அறியச் சொல்கிறேன், நான் சொல்வதெல்லாம் உண்மை. சுயம்புலிங்கம் பிரமாண வாக்குமூலத்தைக் காட்டி, இது நீங்க கையெழுத்துப் போட்டதுதானே, ஆமாம், இதில் உள்ளது எல்லாம் உண்மைதானே, ஆமாம். அவ்வளவில் முடிந்திருக்க வேண்டியது. நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், இவள் வயதுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. "வெளிநாட்டுல இருந்தீங்களாம்மா?" ஆமாம். "தம்பி உங்ககிட்ட ஒட்டுதலா இருப்பாரா?" ஆமாம். "ஒரு போன்கூட வரலியா?" இரக்கத்தோடு கேட்ட கேள்விதான், எழுதிக்கொள்ளவேண்டும் என்றுகூட இல்லை, தட்டச்சுக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எங்கேயோ இடித்தது. டிங். பதினோரு புள்ளி. அடைப்புக்குள் இருப்பது எழுத்தா, உடைந்த கல்லா. அது அவன்தான் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை, ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கல், குருசு போட்ட சீட்டு, அதை வைத்து ஒருத்தியின் வாழ்க்கையை முடிவு கட்டக் கூடாது, அகராதி விதியே அதுதானே, விதிப்படிதான் செய்கிறேன், விதி என்று ஒன்று எதற்கு இருக்கிறது, இந்த மாதிரி நேரத்தில் பிடித்துக்கொள்ளத்தானே. மெற்றில்டா முன் பெஞ்சில் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு இவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் ஜெசிந்தா வேண்டுதலை எதிர்பார்த்தாள். இருந்தது வேறு என்னவோ, பயம் மாதிரி, ஆனால் இவளுக்காகப் பயப்படுகிற மாதிரி. "அம்மா?" என்றாள் நீதிபதி. "இல்லை," என்றாள் ஜெசிந்தா. சொல் சுத்தமாக வந்தது. தட்டச்சுக்காரர் அதைக்கூட அடிக்கவில்லை.

மனு அனுமதிக்கப்படுகிறது. தாள் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். வராந்தாவில் சுயம்புலிங்கம் கை குலுக்கினார், பிறகு எதற்குக் குலுக்கினோம் என்று அவருக்கே தோன்றி, "வருத்தந்தான், என்ன செய்ய," என்று முகத்தை மாற்றிக்கொண்டு அடுத்த கேஸ் கட்டைத் தேடிப் போனார். புங்கமரத்தடியைப் பார்த்து மெற்றில்டா கையைக் காட்டவில்லை. அதே ஆடும் பெஞ்சில் உட்கார்ந்தாள், ஜெசிந்தாவையும் இழுத்து உட்காரவைத்தாள்.

"பதில் சொல்ல ஏன் அவ்வளவு நேரம் எடுத்தீங்க மைனி?"

"தொண்டை காஞ்சு போச்சு."

"உங்களுக்கும் போன் வந்துச்சோ?"

வராந்தா முழுக்க ஆள் பேசிக்கொண்டிருந்தார்கள், யாரோ யாரையோ வாய்தாவுக்கு வரச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தான். ஜெசிந்தா கைப்பையைத் திறந்து சீட்டை எடுத்து மடியில் வைத்தாள். மெற்றில்டா அதை எடுத்துப் பார்த்தாள், இத்தாலிய எழுத்து அவளுக்குப் புரியாது, எண் புரியும். ஐந்து, எட்டு. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் அதே மாதா திருவிழா அன்னிக்குத்தான். பேசவே இல்ல. ஹலோ ஹலோன்னு கத்துறேன், மூச்சு மட்டும் வருது. அப்ப எவனோ ஒருத்தன் அடிக்கடி அப்படிப் போன் பண்ணி வம்பு பண்ணிக்கிட்டிருந்தான், தனியா இருக்கிற பொம்பளன்னு. அவன்தான்னு நெனச்சிட்டேன். செத்துத் தொலைல நாயேன்னு சொல்லி வச்சிட்டேன் மைனி. வச்ச பெறவுதான் மண்டையில ஏறுச்சு. பின்னால எங்கயோ இரும்பத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தட்டு, விட்டு ஒரு தட்டு."

சீட்டின் மூலையில் மை மங்கிய குருசு. இரண்டாவது கல் கிடைத்துவிட்டது. இனி அது அங்கே இருக்கக் கூடாது. பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகப் பேனாவைத் தேடியது, தேடி, பையின் வாயிலேயே நின்றுவிட்டது. ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எந்தச் சீட்டிலும் விட்டுவிடக் கூடாத கேள்வி, எத்தனை மணிக்கு. அதைக் கேட்டால் வரிசை தெரிந்துவிடும், அக்கா வைத்தபிறகு அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டானா, பெண்டாட்டி அப்படிச் சொன்னபிறகு அக்காவைக் கூப்பிட்டானா, கடைசியாக அவன் காதில் விழுந்தது எது. கேள்வி நாக்கு நுனியில் நின்றது. மெற்றில்டா அதற்காகவே காத்திருக்கிற மாதிரி முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஜெசிந்தா கேட்கவில்லை. சீட்டை வாங்கி நாலாக மடித்தாள்.

டவாலி மறுபடியும் தூணடிக்கு வந்தான். அடுத்த வழக்கு. "பரமார்த்தலிங்கம்!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். "பரமார்த்தலிங்கம்!" யாரும் எழுந்திருக்கவில்லை. மெற்றில்டாவின் கை மறுபடியும் வந்து மணிக்கட்டைப் பிடித்தது. மூன்றாவதற்கு அவன் வாயைத் திறக்கும்போது டீக்கடைப் பக்கமிருந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் பாதி வடையோடு, ஓர் ஆள் ஓடி வந்தான்.

"நான்தான் சார், நான்தான். இருக்கேன்."